கையால் செய்த கிட்டாருக்கு அரக்குப் பாலிஷ் போடுவது எப்படி

மரவேலை முழுக்க முடிந்து, கழுத்து ஒட்டி, ஓரப்பட்டைகளைச் சீவிச் சமன் செய்த கிட்டார் அப்போதே வாத்தியமாகிவிட்டது. பாலிஷ் அதற்குச் செய்ய வேண்டிய வேலை கொஞ்சம்தான். வியர்வையும் அழுக்கும் மரத்துக்குள் இறங்கக் கூடாது; காற்றின் ஈரம் சட்டென்று ஏறி இறங்கக் கூடாது; மரத்தின் நிறமும் ரேகையும் துலங்க வேண்டும். இதற்கு மேல் ஏற்றுகிற ஒவ்வொரு படலமும் மேல் பலகைக்குச் சுமை. அந்தப் பலகை இரண்டரை மில்லிமீட்டரை ஒட்டிய கனமுள்ள லேசான ஸ்ப்ரூஸ் மரம். கனத்த பூச்சு அதன் எடையைக் கூட்டும், அதிர்வை விழுங்கும். முதலில் மங்குவது உச்ச ஸ்வரங்களின் துல்லியம். ஆகவே முதல் பூச்சிலிருந்து கடைசித் தேய்ப்பு வரை கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: இதைவிடக் குறைவாகப் போட்டால் போதாதா?

மெல்லிய பூச்சுக்கு அரக்கை மிஞ்சியது இல்லை. துணிப்பொட்டலத்தால் தேய்த்து ஏற்றும்போது மொத்தக் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே நிற்கும். புதிய பூச்சு பழைய பூச்சைக் கரைத்து அதோடு ஒன்றாகிவிடுவதால், கீறலோ தேய்மானமோ வந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்யலாம். இதன் பலவீனங்களும் தெரிந்திருக்க வேண்டும். மது சிந்தினால் கரையும், சூட்டில் இளகும், வியர்வை அதிகமுள்ளவரின் முன்கை படும் இடத்தில் சில வருடங்களில் தேய்ந்துபோகும். அடியும் உரசலும் ஓயாமல் படப்போகிற வாத்தியத்துக்கு எண்ணெய் வார்னிஷோ லாக்கரோ பொருத்தம். மற்றபடி நைலான் தந்தி கிட்டாருக்கு அரக்கையே பரிந்துரைப்போம்.

தேவையான பொருள்கள்

மெழுகு நீக்கிய, வெளிர் நிற அரக்குச் செதில் 100 கிராம் ஒரு கிட்டாருக்குத் தாராளம். மெழுகு நீக்காத அரக்கில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு மெழுகு இருக்கும். பூச்சு சற்று மங்கலாகவும் இளக்கமாகவும் அமையும். பொன்னிறம் வேண்டுமென்றால் ஆரஞ்சு அரக்கைக் கால் பங்கு கலந்துகொள்ளுங்கள். முழுக்க ஆரஞ்சு அரக்கைப் போட்டால் ஸ்ப்ரூஸ் பழுப்பேறித் தெரியும்.

ஸ்பிரிட்தான் அடுத்து. குறைந்தது 95 சதவீத எத்தனால் வேண்டும். 99 கிடைத்தால் நல்லது. மெத்தனால் கலந்த மலிவு ஸ்பிரிட்டைத் தொடாதீர்கள். அது மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உடம்பில் ஏறும், கண் பார்வையையே பறிக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபிரோபைல் ஆல்கஹாலில் மீதி தண்ணீர் என்பதால் இந்த வேலைக்கு ஆகாது. எந்த ஸ்பிரிட்டானாலும் நைட்ரைல் கையுறை, திறந்த ஜன்னல் இரண்டும் கட்டாயம். அருகில் அடுப்போ தீப்பொறியோ இருக்கக் கூடாது.

இவற்றோடு 120, 180, 220, 320, 600 எண் உப்புத்தாள், கூரான சுரண்டு தகடு, மிக நுண்ணிய நுரைக்கல் தூள், சில துளிகள் ஆலிவ் எண்ணெய், பல முறை துவைத்த லினன் அல்லது பருத்தித் துணி, உள்ளே வைக்கக் கம்பளித் துணி, 2-ஆம் எண் பிரஷ் ஒன்று, இறுக்கமான மூடியுள்ள கண்ணாடி ஜாடிகள்.

அரக்கைக் கரைத்தல்

50 கிராம் செதிலுக்கு 250 மில்லி ஸ்பிரிட். லிட்டருக்கு 200 கிராம் என்ற இந்தக் கணக்குதான் அடிப்படைக் கரைசல். செதிலை முதலில் பொடித்துக்கொண்டால் சீக்கிரம் கரையும். ஜாடியில் போட்டு முதல் சில மணி நேரம் அவ்வப்போது குலுக்க வேண்டும். விட்டுவிட்டால் அடியில் ஒரே கட்டியாகப் பிடித்துக்கொள்ளும். ஒரு நாளில் கரைந்துவிடும். நெருக்கமான துணியிலோ காபி வடிகட்டித் தாளிலோ வடித்து, தேதி எழுதி ஒட்டுங்கள். இரும்புப் பாத்திரமோ துருப்பிடித்த மூடியோ கூடாது. அரக்கு இரும்போடு சேர்ந்து கறுக்கும்.

தேதி எழுதுவதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கரைந்த அரக்கில் உள்ள அமிலங்கள் ஆல்கஹாலோடு மெல்ல வினைபுரிந்துகொண்டே இருக்கும். ஆறு மாதத்துக்கு மேல் போன கரைசல் பார்வைக்கு நன்றாகவே இருந்தாலும் பூசினால் இறுகாது, மாதக்கணக்கில் பிசுபிசுக்கும். சந்தேகம் வந்தால் ஒரு துளியைக் கண்ணாடியில் விட்டு மறுநாள் நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் பதிந்தால் அந்த ஜாடியை வாத்தியத்தின் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

மரத்தைத் தயார் செய்தல்

பாலிஷின் அழகில் பாதிக்கு மேல் இங்கேயே தீர்மானமாகிவிடுகிறது. அரக்கு எதையும் மறைக்காது. மரத்தில் இருக்கிற கீறலைப் பளபளப்பு இன்னும் பெரிதாக்கித்தான் காட்டும்.

முடிந்தவரை சுரண்டு தகட்டால் சமன் செய்துவிட்டு, பிறகு உப்புத்தாளுக்கு வாருங்கள். 120, 180, 220, 320 என்று வரிசையாகப் போக வேண்டும். இடையில் ஒன்றைத் தாண்டினால் முந்தைய தாளின் கீறல் தங்கிவிடும். தாள் மாற்றும் ஒவ்வொரு முறையும் தூசியைத் துடைத்தெடுங்கள்; முந்தைய தாளிலிருந்து உதிர்ந்த ஒரு மணல் போதும், நீளக் கோடு இழுத்துவிடும். ஸ்ப்ரூஸில் விரலால் அழுத்தித் தேய்க்கவே கூடாது. அதன் ரேகைகளில் வெளிர் பகுதி மென்மையானது, கருத்த பகுதி கெட்டி. விரல் மென்பகுதியை மட்டும் குழிக்கும், பலகை முழுக்க மேடு பள்ளமாகும். கார்க் ஒட்டிய சமமான கட்டையில் தாளைச் சுற்றி, ரேகை போகும் திசையிலேயே தேயுங்கள்.

220 முடிந்ததும், நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் ஒரு முறை துடைத்து, இரண்டு மணி நேரம் காயவிடுங்கள். படுத்திருந்த மர நார்கள் எழுந்து நிற்கும். 320 தாளால் லேசாக அவற்றைச் சீவிவிட்டால், பூச்சு போடும்போது மீண்டும் எழாது. மேல் பலகையில் கருவி பட்ட பள்ளம் இருந்தால் சரிசெய்ய இதுதான் நேரம். ஈரத்துணியை மடித்து வைத்து, சூடான சாலிடரிங் அயர்னின் நுனியால் ஓரிரு நொடி தொட்டால் நீராவியில் நார் உப்பிப் பள்ளம் மேலே வந்துவிடும். நார் அறுந்த வெட்டு இப்படி எழாது.

பிறகு அறையை இருட்டாக்கி, ஒரே ஒரு விளக்கைப் பலகைக்குப் பக்கவாட்டில், கிட்டத்தட்ட பலகை மட்டத்திலேயே பிடித்துப் பாருங்கள். மேலிருந்து வரும் வெளிச்சத்தில் தெரியாத குறுக்குக் கீறல் ஒவ்வொன்றும் நிழலோடு தெரியும். பசை சிந்திய இடங்களை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துக் கண்டுபிடிக்கலாம்: மரம் கருக்கும், பசை உள்ள இடம் மட்டும் வெளிறியே நிற்கும். சுரண்டி எடுத்துவிடுங்கள். பின்பலகையும் பக்கங்களும் ரோஸ்வுட் மரமாக இருந்தால் அங்கே மட்டும் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். காரணம் கீழே வருகிறது. ரோஸ்வுட், கருங்காலித் தூசி பலருக்குத் தோலிலும் மூச்சிலும் ஒவ்வாமை தரும் என்பதால் முகமூடி இல்லாமல் தேய்க்க வேண்டாம்.

பிரிட்ஜ் (மேல் பலகையில் தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) உட்காரும் இடத்தை, பிரிட்ஜின் அளவைவிட ஒரு மில்லிமீட்டர் உள்ளடங்கலாக, ஒட்டுத்திறன் குறைந்த டேப்பால் மூடுங்கள். விரல் வைத்து வாசிக்கும் ஃப்ரெட்போர்டையும் அப்படியே. ஒலித்துளைக்குள் அட்டை வெட்டி வைத்துவிடுங்கள். உள்பக்கம் வெறும் மரமாகவே இருக்கட்டும்.

முதல் பூச்சும் நிறம் கசிதலும்

ரோஸ்வுட்டின் நிறம் ஸ்பிரிட்டில் கரையும். முதல் நாளே ஆவலாக முழு வாத்தியத்தையும் பொட்டலத்தால் தேய்த்தால், அந்தச் செந்நிறம் வெள்ளை ஓரப்பட்டையிலும் ஸ்ப்ரூஸின் விளிம்பிலும் ஏறிவிடும். பிறகு மரத்தைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். எனவே அடிப்படைக் கரைசலில் சம அளவு ஸ்பிரிட் சேர்த்து லிட்டருக்கு 100 கிராம் ஆக்கிக்கொண்டு, 2 எண் பிரஷால் வெளிர் பட்டைகள், ஒலித்துளை அலங்காரம், மேல் பலகை ஓரம் ஆகியவற்றுக்கு மட்டும் மூன்று முறை தீட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேர இடைவெளி போதும். அதன் பிறகு மேல் பலகை முழுதுக்கும் தனிப் பொட்டலத்தால் ரேகை வழியே நான்கைந்து இழுப்பு, எண்ணெய் வேண்டாம். கடைசியாகத்தான் பின்பலகையும் பக்கங்களும். அங்கே கை எப்போதும் ஓரப்பட்டையிலிருந்து விலகிப் போகும் திசையில் நகர வேண்டும். ரோஸ்வுட்டுக்குப் பயன்படுத்திய பொட்டலத்தை மேல் பலகைக்குக் கொண்டுவராதீர்கள்.

பொட்டலம்

கம்பளித் துணியைக் கசக்கி எலுமிச்சம்பழ அளவுக்கு உருட்டுங்கள். 15 சென்டிமீட்டர் சதுர லினன் துணியின் நடுவில் அதை வைத்து, நான்கு முனையையும் பின்னால் முறுக்கிப் பிடிக்கவும். முகப்பில் ஒரு சுருக்கம்கூட இருக்கக் கூடாது. சுருக்கம் கோடு போடும். துணியைத் திறந்து உள்ளே இருக்கும் கம்பளியில் கரைசலை ஊற்ற வேண்டும், முகப்பில் அல்ல. மூடி முறுக்கிய பிறகு வெள்ளைத் தாளில் அழுத்திப் பாருங்கள். ஈரத் தடம் பதிய வேண்டும், சொட்டாகத் தேங்கக் கூடாது. வேலை இல்லாதபோது சிறிது ஸ்பிரிட் விட்டு மூடிய ஜாடிக்குள் வைத்தால் பல நாள் உழைக்கும். முகப்புத் துணி நைந்தால் மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். பழகிய கம்பளி புதியதைவிட நன்றாகவே வேலை செய்யும்.

துளை அடைத்தல்

ஸ்ப்ரூஸ், மேப்பிள் இரண்டுக்கும் இது தேவையில்லை. ரோஸ்வுட், மஹோகனி போன்றவற்றில் கண்ணுக்குத் தெரியும் துளைகள் உண்டு. அவற்றை அடைக்காவிட்டால் எத்தனை முறை பூசினாலும் பரப்பு புள்ளி புள்ளியாகவே இருக்கும்.

இதற்குத் தனிப் பொட்டலம் ஒன்று. உள்ளே பெரும்பாலும் ஸ்பிரிட், அரக்கு சில துளிகள்தான். நுரைக்கல் தூளை ஒரு சிறு துணிப் பையில் கட்டி, பொட்டலத்தின் முகப்பில் லேசாகத் தட்டிக்கொண்டு, உள்ளங்கையளவு இடத்தில் அழுத்தமான சிறு வட்டங்களாகத் தேயுங்கள். தூள் மரத்தை நுண்ணியதாக அராவும். அந்த மரத்தூளும் ஏற்கெனவே பூசிய அரக்கும் கலந்து துளைக்குள் இறங்கும். துளையை அதே மரத்தின் தூளே நிரப்புவதால் நிறம் மாறாது என்பதுதான் இந்தப் பழைய முறையின் சிறப்பு. நுரைக்கல் தூள் முதலில் வெண்மையாகத் தெரியும். ஈரமும் அரக்கும் சேர்ந்தால் மறைந்துவிடும். மறையவில்லை என்றால் தூள் அதிகம், அரக்கு போதவில்லை என்று அர்த்தம். அப்படியே விட்டால் துளைகளில் வெள்ளைப் புள்ளிகளாக நின்றுவிடும். உடனே ஸ்பிரிட்டும் இரண்டு துளி அரக்கும் விட்டு அதே இடத்தைத் தேயுங்கள். ஒரு முறை முடித்து இரண்டு நாள் விட்டால் அடைப்பு கொஞ்சம் உள்வாங்கும். மறுபடி தேய்க்க வேண்டும். பின்பலகைக்கு இரண்டு மூன்று சுற்று ஆகும். அவசரப்படுகிறவர்களுக்கு ஒரு மாற்று வழி உண்டு: மெல்லிய எபாக்சிப் பிசினை பிளாஸ்டிக் அட்டையால் வழித்துப் பூசி, இறுகிய பின் மரம் தெரியும்வரை தேய்த்துவிடலாம். எண்ணெய்ப்பசை மிகுந்த ரோஸ்வுட்டில் அதுவே நன்றாகப் பிடிக்கும்.

படலம் ஏற்றுதல்

பொட்டலத்தில் அடிப்படைக் கரைசல் ஊற்றி, முகப்பில் விரல் நுனியால் ஒரே ஒரு பொட்டு ஆலிவ் எண்ணெய் வையுங்கள். எண்ணெய் வழுக்கிக்கொண்டு போவதற்கு மட்டும்தான். அது பூச்சின் பகுதி அல்ல, கடைசியில் முழுதும் வெளியே வந்தாக வேண்டும். ஆகவே பொட்டலம் இழுபடும்போது மட்டும் அடுத்த பொட்டு.

ஐந்து, ஆறு சென்டிமீட்டர் வட்டங்களாகத் தொடங்கி, பலகை முழுதையும் சுற்றி, பிறகு எட்டு வடிவில், முடிவில் ரேகை வழியே நீள இழுப்பு. பொட்டலம் பலகையில் படும்போதும் விலகும்போதும் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும், விமானம் இறங்கி ஏறுவது போல. ஒரு நொடி நின்றாலும் ஸ்பிரிட் கீழுள்ள படலத்தைக் கரைத்துத் துணியின் நெசவையே பதித்துவிடும்.

சரியாகப் போகிறதா என்பதைப் பொட்டலத்தின் பின்னால் பாருங்கள். கண்ணாடியில் மூச்சு விட்டதுபோல் ஒரு மங்கலான தடம் தோன்றி, ஒன்றிரண்டு நொடியில் மறைய வேண்டும். தடமே இல்லையென்றால் பொட்டலம் காய்ந்துவிட்டது. ஈரக் கோடாக நின்றால் கரைசல் அதிகம். தாளில் ஒற்றிவிட்டுத் தொடருங்கள். நிரப்பிய புதிதில் கை லேசாக, காயக் காய அழுத்தம் கூட வேண்டும். ஓரங்களில்தான் பூச்சு எப்போதும் குறையும், எல்லோர் கையும் இயல்பாக நடுவிலேயே சுற்றும். ஒவ்வொரு சுற்றையும் ஓரத்தில் தொடங்குங்கள்.

பலகை முழுதையும் எட்டுப் பத்து தடவை சுற்றி வந்தால் ஓர் அமர்வு முடிந்தது. குறைந்தது இரண்டு மணி நேரம் விடுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு அமர்வுக்கு மேல் வேண்டாம். பின்பலகைக்கும் பக்கங்களுக்கும் எட்டு முதல் பத்து, மேல் பலகைக்கு ஐந்தாறு போதும். மேல் பலகையில் ஸ்ப்ரூஸின் ரேகை விரலுக்கு லேசாகத் தட்டுப்பட்டால் அது குறையல்ல; அதைக் கண்ணாடிபோல் ஆக்கப் போனால்தான் கனம் ஏறும்.

மழை நாளில் பூசாதீர்கள். ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பு குளிரும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அது அங்கே படிந்து பூச்சுக்குள் வெண்புகையாக மாட்டிக்கொள்ளும். ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும். லேசாக வெளுத்திருந்தால் வறண்ட நாளில் ஸ்பிரிட் மட்டும் தொட்ட பொட்டலத்தால் தடவினால் மறையும்.

சமன் செய்து மெருகேற்றுதல்

பாதி அமர்வுகள் முடிந்ததும் மூன்று நாள் விட்டு, 600 தாளைக் கட்டையில் சுற்றி, இரண்டு துளி எண்ணெய் விட்டு மிக லேசாகத் தேயுங்கள். தண்ணீர் வேண்டாம். மேடுகள் மங்கலாகும், பள்ளங்கள் பளபளப்பாகவே இருக்கும். பள்ளங்களும் ஏறத்தாழ மங்கியதும் நிறுத்திவிடுங்கள். தாளில் அரக்கு சிறு கட்டிகளாக ஒட்டினால் உடனே மாற்றவும். அந்தக் கட்டி ஒவ்வொன்றும் கீறும். விளிம்புகளைத் தொட வேண்டாம், இரண்டு தேய்ப்பில் மரம் தெரிந்துவிடும். மீதி அமர்வுகளை லிட்டருக்கு 100 கிராம் கரைசலோடு முடியுங்கள்.

ஒரு நாள் கழித்து எண்ணெயை வெளியேற்ற வேண்டும். புதிய துணியில் புதிய பொட்டலம். உள்ளே சில துளி ஸ்பிரிட் மட்டும். புறங்கையில் வைத்தால் குளிர்ச்சி தெரிய வேண்டும், ஈரம் தெரியக் கூடாது. ரேகை வழியே நீளமாக, இறகு படுகிற அழுத்தத்தில் இழுங்கள். மேலே படிந்திருக்கும் எண்ணெய் மங்கல் விலகி ஆழமான பளபளப்பு எழும். இரண்டொரு நாளில் மீண்டும் மங்கல் கசிந்து வருவது இயல்பு, மறுபடி செய்யுங்கள். ஈரம் கொஞ்சம் கூடினாலும் ஒரு வாரப் படலம் ஒரே இழுப்பில் கலங்கிவிடும், ஆகவே எப்போதும் தாளில் ஒற்றிப் பார்த்துவிட்டே தொடுங்கள்.

பிறகு மூன்று, நான்கு வாரம் தூசி படாத இடத்தில் தொங்கவிடுங்கள். கைக்குக் காய்ந்ததாகத் தெரிந்தாலும் உள்ளே ஸ்பிரிட் மிச்சம் இருக்கும். சீக்கிரம் பெட்டியில் வைத்தால் உள்ளே ஒட்டிய துணியின் பதிவு பின்பலகை முழுக்க விழும்.

கழுத்தின் பின்புறத்துக்கு மூன்று நான்கு மெல்லிய பூச்சு போட்டு, நுண்ணிய இரும்புப் பஞ்சால் பளபளப்பைக் குறைத்துவிட்டால் கை ஒட்டாமல் ஓடும். ஃப்ரெட்போர்டுக்கு அரக்கு வேண்டாம். சில துளி எண்ணெய் தடவி, கால் மணி நேரத்தில் துடைத்துவிட்டால் போதும். அதற்கு ஆளி எண்ணெய் பயன்படுத்தினால் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்துவிடுங்கள்.

பிரிட்ஜ் ஒட்டும் நாளில் டேப்பை எடுத்து, பிரிட்ஜைச் சரியாகப் பொருத்தி, சுற்றிலும் கூரான கத்தியால் அரக்குப் படலத்தின் அளவுக்கு மட்டும் கோடு கீறுங்கள். கத்தி மரத்துக்குள் இறங்கினால் தந்தியின் இழுவையில் அந்தக் கோட்டிலேயே நார் கிளம்பும். கோட்டுக்குள் மிச்சமிருக்கும் அரக்கைச் சுரண்டி வெறும் மரத்துக்கு வந்து, அன்றே ஒட்டிவிடுங்கள். அரக்கின் மேல் பசை போட்டால் பிரிட்ஜ் ஒரு நாள் தந்திகளோடு எழுந்து வரும்.

பிற்பாடு வரும் தொல்லைகள்

வாரங்கள் கழித்தும் விரல் பதிந்தால் கரைசல் பழையது, அல்லது எண்ணெய் அதிகம். எண்ணெய் என்றால் ஸ்பிரிட் பொட்டலத்தால் எடுத்துவிடலாம். பழைய கரைசலுக்கு வைத்தியம் கிடையாது; முழுக்க ஸ்பிரிட்டால் துடைத்தெடுத்து மறுபடி தொடங்க வேண்டும். ஒரு மாதத்தில் துளைகள் மீண்டும் குழியாகத் தெரிந்தால் அடைப்பு முழுதாக இறுகும் முன்பே படலம் ஏற்றியிருக்கிறது. இரண்டு மெல்லிய அமர்வு போட்டால் சரியாகும். மயிரிழை வெடிப்பு வலைபோல் வந்தால் படலம் கனம், அல்லது வாத்தியம் சட்டென்ற வெப்ப மாற்றத்துக்கு ஆளாகியிருக்கிறது. ஸ்பிரிட் பொட்டலம் லேசான வெடிப்பைக் கரைத்து இணைக்கும்; ஆழமானது இணையாது.

முன்கை தேய்த்து மரம் தெரியும் இடத்தை அப்படியே விட்டுவைக்க வேண்டாம், வியர்வை இறங்கினால் ஸ்ப்ரூஸ் சாம்பல் நிறமாகும். சற்று ஈரமான துணியால் அழுக்கெடுத்து, நன்றாகக் காயவிட்டு, லிட்டருக்கு 100 கிராம் கரைசலால் எண்ணெய் இல்லாமல் நான்கு இழுப்பு, மறுநாள் ஒரு பொட்டு எண்ணெயோடு ஓர் அமர்வு, அதற்கடுத்த நாள் எண்ணெய் நீக்கம். ஒரு வாரம் வாசிக்காமல் வைத்திருந்தால் போதும்.